செழித்தும் பூக்காத செடிகள்

ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நின்று வளரும் செடிகொடிகளைப் பல்லாண்டுத் தாவரங்கள் என்பர். மல்லிகை, செவ்வரத்தை, போகன்வில்லா, ரோசா, வெட்சி, அந்தூரியம், ஓர்க்கிட், கார்த்திகைப்பூ என்று கொழும்பு வீடுகளில் ஆசையாக வளர்க்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த வகையே. ஓராண்டுத் தாவரத்துக்குப் பூப்பதைத் தவிர வேறு வழியில்லை. சில மாதங்களுக்குள் விதையை உண்டாக்கிவிட்டு அது மடிய வேண்டும். பல்லாண்டுத் தாவரத்துக்கு அந்த அவசரம் கிடையாது. காலம் தோதாக இல்லாவிட்டால் இலையையும் கிளையையும் வேரையும் வளர்த்துக்கொண்டு அடுத்த பருவம்வரை காத்திருக்க அதனால் முடியும்.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் பல்கனிகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய முற்றங்களிலும் இப்படிக் காத்திருக்கும் செடிகள் ஏராளம். இலை பச்சைப்பசேல் என்றிருக்கும். கிளைகள் கைப்பிடிக் கம்பியைத் தாண்டி வளரும். பூ மட்டும் வராது. வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியம் இன்னும் கொஞ்சம் பசளை, இன்னும் கொஞ்சம் தண்ணீர். பல வேளைகளில் அந்த வைத்தியமே பூவைத் தள்ளிப்போடுகிறது. பூக்காத செடி பெரும்பாலும் நோயுற்ற செடி அல்ல. பட்டினி கிடக்கும் செடியும் அல்ல. பூப்பதற்கான அழைப்பு கிடைக்காத செடி அது. அந்த அழைப்பு எங்கிருந்து வருகிறது, எதனால் தடைப்படுகிறது என்று தெரிந்தால் பரிகாரம் பெரும்பாலும் செலவில்லாதது.

பூ எப்படித் தொடங்குகிறது

தண்டின் நுனியிலும் இலைக் கக்கங்களிலும் மிகச் சிறிய வளர்முனைகள் உள்ளன. சாதாரணமாக அவை இலையையும் தண்டையும் உருவாக்கும். ஒரு கட்டத்தில் வளர்முனை தன் வேலையை மாற்றிக்கொண்டு மொட்டை உருவாக்கத் தொடங்குகிறது. இந்த மாற்றத்துக்கான செய்தி இலையிலிருந்து போகிறது என்று சோவியத் விஞ்ஞானி மிகைல் சைலக்கியான் 1930களில் கூறினார். அந்தச் செய்திப்பொருளுக்குப் புளோரிஜன் என்று பெயரும் வைத்தார். அது இலையில் உண்டாகி, உணவு செல்லும் குழாய்கள் வழியாக நுனிக்குப் போகும் ஒரு புரதம் என்பது 2007 அளவில் ஆய்வுகூடங்களில் உறுதியாயிற்று. ஒளியின் அளவு, இரவின் நீளம், வெப்பம், வறட்சி, செடியின் வயது ஆகியவற்றை வைத்தே அந்தச் செய்தி எழுகிறது. எந்தச் செடிக்கு எது முக்கியம் என்பது அதன் பூர்வீகத்தைப் பொறுத்தது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, மொட்டே வரவில்லையா, வந்த மொட்டு உதிர்கிறதா என்பதையே. மொட்டு வராவிட்டால் அழைப்பு கிடைக்கவில்லை. அதற்கு வயது, ஒளி, வெப்பம், ஓய்வு, பசளை, கத்தரிப்பு ஆகியவற்றை ஆராய வேண்டும். வந்த மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால் அழைப்பு சரியாகவே கிடைத்திருக்கிறது. பின்னால் வந்த ஏதோ ஒன்று குழப்பிவிட்டது. தண்ணீர் ஒழுங்கின்மை, பூச்சி, உப்புக்காற்று, புகை ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. இரண்டையும் ஒன்றாகக் கருதி வைத்தியம் செய்வதாலேயே பலர் ஏமாறுகிறார்கள்.

வயது வர வேண்டும்

விதையிலிருந்து வரும் செடிக்கு இளம்பருவம் ஒன்று உண்டு. அந்தப் பருவம் முடியும்வரை எந்த உபசாரம் செய்தாலும் அது பூக்காது. சண்பகத்தை விதையிலிருந்து வளர்த்தால் பூ வர எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகலாம். ஒட்டுக்கன்று இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பூக்கும். காரணம் எளியது: ஒட்டிய கிளை பூத்த மரத்திலிருந்து எடுக்கப்பட்டது, அதன் இளம்பருவம் ஏற்கெனவே கடந்துவிட்டது. தடி வெட்டி நடும் செவ்வரத்தை, போகன்வில்லா போன்றவை விரைவில் பூப்பதற்கும் இதுவே காரணம்.

இயற்கையில் இந்தக் காத்திருப்பு மிக நீண்டதாகவும் இருக்கும். ஹோட்டன் சமவெளியின் நெலுச் செடிகளில் சில 12 ஆண்டுகளுக்கு ஒருமுறையே திரளாகப் பூக்கின்றன. அவற்றின் உறவான நீலகிரிக் குறிஞ்சி 2006 இலும் 2018 இலும் மலைச்சரிவுகளை நிறைத்தது. தாளிப்பனை 30 முதல் 80 ஆண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்துக் காய்த்து மடிகிறது. வீட்டுச் செடிகளுக்கு இவ்வளவு பொறுமை தேவையில்லை. ஆனாலும் கன்று வாங்கும்போது அது விதைக்கன்றா, தடியா, பதியமா, ஒட்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பல ஆண்டுகளை மிச்சப்படுத்தும்.

ஒட்டு ரோசாவில் வேறொரு சிக்கலும் நேர்கிறது. ஒட்டுக்குக் கீழே உள்ள அடிக்கட்டை காட்டு ரோசா இனம். அதிலிருந்து ஒரு தளிர் கிளம்பினால் அது மிக வேகமாக, முள்ளடர்ந்து, நீளமாக வளரும். புதிய கிளை வந்துவிட்டதென்று விட்டுவைத்தால் சில மாதங்களில் மேலிருந்த நல்ல ரோசா நலிந்து மறையும்; எஞ்சுவது பூக்காத காட்டுச் செடி. ஒட்டுத் தழும்புக்குக் கீழே முளைக்கும் தளிரை, அது பிறக்கும் இடத்திலேயே கிள்ளி அகற்ற வேண்டும்.

வெயில் வந்து போகும் திசை

கொழும்பில் பூ வராமைக்கு மிகப் பரவலான காரணம் வெயில் போதாமை. மல்லிகை, போகன்வில்லா, ரோசா, செவ்வரத்தை ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணித்தியாலம் நேர் வெயில் வேண்டும். கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத் தெரியும் இடம் செடிக்குப் போதாமல் இருக்கலாம். மனிதக் கண் குறைந்த ஒளிக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இலைக்கு அந்த வசதி இல்லை. நிழலில் நிற்கும் மல்லிகை இலையைப் பெரிதாக்கி, கணுக்களின் இடைவெளியை நீட்டி, வெளிச்சத்தைத் தேடி ஓடும். பூவுக்குச் செலவிட அதனிடம் மிச்சம் இருக்காது.

பல்கனியில் செடி வளர்ப்போர் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம், வெயில் ஆண்டு முழுவதும் ஒரே பக்கத்திலிருந்து வருவதில்லை என்பது. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நடுப்பகலில் நகரின் உச்சிக்கு நேரே வருகிறது. அதன்பின் வடக்கே நகர்ந்து, செப்டெம்பர் முதல் வாரத்தில் மறுபடியும் உச்சிக்கு வந்து, தெற்கே சாய்கிறது. எனவே தெற்கு நோக்கிய பல்கனிக்குச் செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நடுப்பகல் வெயில் உண்டு. மற்றைய மாதங்களில் அது வடக்குப் பக்கத்துக்குப் போய்விடும்.

கணக்காகப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். மேல்தளம் 3 மீற்றர் உயரத்தில் கைப்பிடிவரை நீண்டிருக்கும் தெற்குப் பல்கனியில், டிசம்பர் நடுப்பகல் வெயில் தரையில் ஒன்றே முக்கால் மீற்றர் அளவுக்கு உள்ளே வரும். அதே அமைப்புள்ள வடக்குப் பல்கனியில், ஜூன் நடுப்பகலில்கூட வெயில் ஒரு மீற்றர் தூரம் உள்ளே வராது. எதிரே இன்னொரு தொடர்மாடி எழுந்திருந்தால் இதுவும் குறையும். சனவரியில் பூத்துக் குலுங்கிய போகன்வில்லா ஜூனில் ஒரு பூவும் தராமல் இருப்பதற்குச் செடி காரணமல்ல. வெயில் இடம் மாறியதே காரணம். சாடியையும் கூடவே இடம்மாற்றுவதுதான் தீர்வு. கைப்பிடியை ஒட்டி உயரமான தாங்கியில் வைத்தாலே பல சாடிகளுக்கு வெயில் எட்டிவிடும்.

கொட்டாஞ்சேனையில் நிலைமை வேறு. ஜம்பட்டா வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. நடுமுற்றத்தில் விழும் வெயில் உச்சிப்பொழுதில் சிறிது நேரத்துக்குத்தான் நிற்கும். அங்கே மல்லிகைக்கும் ரோசாவுக்கும் ஏற்ற இடம் மொட்டைமாடி மட்டுமே. முற்றத்துக்கு அந்தூரியம் பொருத்தமானது. அது காட்டு மரங்களின் கீழே வளரும் செடி. நேர் வெயில் அதன் இலையைக் கருக்கும். ஆனாலும் கடும் இருட்டை அதுவும் விரும்புவதில்லை. முதிர்ந்த அந்தூரியம் ஒவ்வொரு புதிய இலைக்கும் ஒரு பூ தரக்கூடியது. ஒளி மிகக் குறைந்தால் இலை மட்டும் வரும். கக்கத்திலுள்ள மொட்டு வளராமலே கருகும்.

இரவின் நீளமும் தெருவிளக்கும்

சில செடிகள் நாளின் நீளத்தைக் கணக்கில் எடுத்தே பூக்கின்றன. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் ஆகிய இருவரும் 1920 இல் இதை வெளியிட்டனர். மேரிலாண்ட் மம்மத் என்ற புகையிலை இனம் கோடையில் வயல்களில் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்தும் பூக்காமல் நின்றது. குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்தபோது சிறு செடியாகவே பூத்தது. நாள் குறுகியதே காரணம் என்று அவர்கள் நிறுவினர். உண்மையில் செடி அளப்பது பகலை அல்ல, இடையறாத இருளின் நீளத்தை என்பது பின்னர் தெரியவந்தது.

கொழும்பில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய 50 நிமிட வேறுபாடுதான் உண்டு. ஜூனில் இலண்டனின் பகல் 16 மணித்தியாலங்களைத் தாண்டும்; ரொறன்ரோவில் 15 ஐத் தாண்டும்; கொழும்பில் பன்னிரண்டரை மணித்தியாலம்தான். உறவினர்கள் அங்கிருந்து கொண்டுவரும் பூவிதைகள் இங்கே முளைத்து, இலைக்கொத்தாகவே நின்றுவிடுவது இதனாலேயே. ருட்பெக்கியா, கோரியொப்சிஸ், சாஸ்தா டெய்சி போன்ற பல பல்லாண்டுச் செடிகள் நீண்ட பகலை எதிர்பார்ப்பவை. கொழும்பில் அவற்றுக்கு அந்தப் பகல் ஒருநாளும் வராது.

செவ்வந்தியும் நத்தார் காலத்தில் விற்கப்படும் பொயின்செட்டியாவும் நேர்மாறானவை. அவற்றுக்கு நீண்ட இருள் வேண்டும். நகரின் இரவு அதற்குப் போதுமானதே. ஆனால் தெருவிளக்கோ பல்கனி விளக்கோ அருகில் எரிந்தால் அந்த இருள் துண்டாகிறது. செவ்வந்தியை வணிகமாக வளர்ப்போர் பூவைத் தள்ளிப்போட விரும்பினால் நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கைப் போடுகிறார்கள். அதையே வீதி விளக்கு வீட்டுச் செடிக்குத் தினமும் செய்துவிடுகிறது. பொயின்செட்டியா சிவக்க வேண்டுமானால் ஒக்டோபர் தொடக்கம் மாலை ஆறு மணிமுதல் காலைவரை முழு இருளில் வைத்திருக்க வேண்டும். இரவின் புழுக்கம் அதிகமானால் அப்போதும் அது பிந்தும்.

மலைநாட்டுச் செடியும் கரையோர வெப்பமும்

வசந்தகாலப் பயணம் முடிந்து நுவரெலியாவிலிருந்து திரும்பும் வாகனங்களில் ஹைட்ரேஞ்சியா சாடிகள் கொழும்புக்கு வருகின்றன. வரும்போது தலை நிறையப் பூ இருக்கும். அந்தப் பூ வாடிய பிறகு செடி இலையோடு நிற்கும். மறுபடி பூப்பது அரிது. ஹைட்ரேஞ்சியா மொட்டை உருவாக்க ஏறக்குறைய 18 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் பல வாரங்கள் தேவை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி 16 பாகை அளவில் இருக்கிறது. கொழும்பின் சராசரி 27 பாகைக்கு மேல். கடைச் செடியின் மொட்டு மலைநாட்டுக் குளிரில் உருவானது. அடுத்த மொட்டுக்கான குளிர் கரையோரத்தில் கிடையாது. தூலிப், பியோனி போன்ற குளிர்நாட்டுப் பூக்களின் நிலை இதைவிடக் கடினம்; அவற்றுக்கு உறைபனியை நெருங்கும் குளிர் வாரக்கணக்கில் வேண்டும்.

இலங்கையின் தாவரவியல் பூங்காக்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1810 இல் கொழும்பு கொம்பனித்தெருவில் கியூ என்ற பெயரில் ஒரு தோட்டம் தொடங்கப்பட்டது. சீனாவிலிருந்து பல பூஞ்செடிகளை இங்கிலாந்துக்கு அனுப்பிய வில்லியம் கெர் அதன் பொறுப்பாளராக வந்தார். தோட்டம் 1813 இல் களுத்துறைக்கும் 1821 இல் பேராதனைக்கும் மாறியது. குளிர்நாட்டுப் பூக்களுக்கு உரிய இடமாக நிலைபெற்றது, சிங்கோனாப் பயிருக்காக 1861 இல் ஏறக்குறைய 1,700 மீற்றர் உயரத்தில் தொடங்கப்பட்ட ஹக்கல பூங்காவே.

வைபவங்களுக்குப் பரிசாகக் கொடுக்கப்படும் பலனொப்சிஸ் ஓர்க்கிட்டும் குளிர்ச்சியை எதிர்பார்க்கும் வகையே. பகல் வெப்பம் 28 பாகையைத் தாண்டிக்கொண்டே இருந்தால் அது இலை மட்டும் விடும். 25 பாகையை ஒட்டிய அல்லது அதற்குக் குறைந்த வெப்பம் சில வாரங்கள் கிடைத்தால்தான் பூந்தண்டு எழும். குளிரூட்டிய அறையில், யன்னலோர வெளிச்சத்தில் சில வாரங்கள் வைத்திருப்பவர்களுக்கு அது மறுபடி பூப்பதுண்டு. கரையோர வெப்பத்துக்கு வண்டாவும் டென்ட்ரோபியமும் ஏற்றவை. இவற்றிலும் புறா ஓர்க்கிட் எனப்படும் டென்ட்ரோபியம் குருமெனாட்டம் வியப்பானது. பலத்த மழை திடீரென்று காற்றைக் குளிர்விக்கும் நாளிலிருந்து ஒன்பதாம் நாளளவில் ஒரு பகுதியிலுள்ள செடிகள் எல்லாம் ஒரே நாளில் பூக்கின்றன. சில பாகை வெப்பவீழ்ச்சியே அதற்கு அழைப்பு. மழைச்சாரலும் காற்றும் படாத அறைக்குள் வைத்தால் அந்த அழைப்பு எட்டாது.

ஓய்வு இல்லாத ஈரம்

கொழும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறையும் ஒக்டோபர், நவம்பரில் மறுமுறையும் அது உச்சமடைகிறது. ஓரளவு வறண்ட காலம் சனவரியும் பெப்ரவரியும்தான். வறண்ட நிலத்திலிருந்து வந்த செடிகளுக்கு இந்த இடையறாத ஈரம் ஒரு தடை. போகன்வில்லா பிரேசிலிலிருந்து உலகெங்கும் பரவியது. மண் காய்ந்து, இலை சற்றே துவளும் நிலைதான் அதன் வளர்முனைகளைப் பூவுக்குத் திருப்புகிறது. தினமும் தண்ணீர் பெறும் போகன்வில்லா நீண்ட பச்சைக் கொடியாகவே ஓடும். மேல்மண் நன்றாகக் காய்ந்து, நுனி இலை லேசாகத் தொங்கும்வரை பொறுத்து ஊற்றினால் சில வாரங்களில் கணுதோறும் நிறம் காணும். நிறமாகத் தெரிவது பூவல்ல, பூவைச் சூழ்ந்த இலைகள். உண்மையான பூ அவற்றின் நடுவே இருக்கும் சிறிய வெள்ளைக் குழல்.

மல்லிகையின் பாடம் மதுரைப் பக்கத்திலிருந்து கிடைக்கிறது. 2013 இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகையை வளர்ப்போர், மழை ஓயும் நவம்பர் கடைசியில் செடியைத் தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்தில் கத்தரிக்கிறார்கள். தண்ணீரைக் குறைத்து ஓய்வு கொடுத்து, பிறகு எருவிட்டுப் பாய்ச்சுகிறார்கள். மார்ச் தொடங்கிப் பூ அள்ளுகிறது. மல்லிகை புதுத்தளிரின் நுனியில்தான் பூக்கும் என்பதால் பழைய கிளையை வைத்திருப்பதில் பயனில்லை. பிச்சிக்கு டிசம்பர் கடைசியிலும் முல்லைக்குச் சனவரி கடைசியிலும் அங்கே கத்தரிக்கிறார்கள்.

அதே முறை கொழும்புக்கும் பொருந்தும், நாள்தான் மாறும். இங்கே நவம்பரில் மழை உச்சத்தில் இருப்பதால் அப்போது தண்ணீரை நிறுத்துவது நடவாத காரியம். மழை குறையும் டிசம்பர் இறுதியிலோ சனவரியிலோ கத்தரித்து, இரண்டு வாரங்கள் தண்ணீரைக் கட்டுப்படுத்தி, பின் எருவிட்டு ஊற்றுவது இந்நகரின் காலநிலைக்கு ஒத்துவரும். சாடியில் வளர்ப்போருக்கு இதில் ஒரு வசதி உண்டு. தோட்டத்து மண்ணை மழையிலிருந்து காக்க முடியாது. சாடியைக் கூரையின் கீழே நகர்த்தலாம்.

கார்த்திகைப்பூவுக்கு ஓய்வு இன்னும் கட்டாயம். தமிழ்நாட்டின் மாநிலமலரான செங்காந்தளும் இதுவே. பூத்து முடிந்ததும் கொடி முழுவதும் காய்ந்து, மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உறங்கும். செடி செத்துவிட்டதென்று சாடியைக் கொட்டுவோரும், உயிர்ப்பிக்கலாமென்று தண்ணீர் ஊற்றிக் கிழங்கை அழுக வைப்போரும் உண்டு. கொடி காய்ந்ததும் சாடியை மழை படாத இடத்தில் சாய்த்து வைப்பதே போதும். கிழங்கின் ஒவ்வொரு கவரின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் உண்டு. மாற்றி நடும்போது நுனி ஒடிந்தால் அந்தக் கவர் முளைக்காது. செடி முழுவதும், குறிப்பாகக் கிழங்கு, கடும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் கைக்கெட்டாமல் வைக்க வேண்டும்.

பசளை கூடினால் இலை கூடும்

தழைச்சத்து எனப்படும் நைதரசன் இலையையும் தளிரையும் வளர்க்கும். அது அளவுக்கு மீறிக் கிடைக்கும் செடி பூக்கும் பருவத்துக்குத் திரும்புவதே இல்லை. யூரியாவும் கோழி எருவும் மட்டுமல்ல, பல வீடுகளில் தினமும் செடிக்கு ஊற்றப்படும் மீன் கழுவிய தண்ணீரும் தழைச்சத்து நிறைந்ததே. இலை கரும்பச்சையாகப் பளபளத்து, தளிர்கள் தடித்து நீண்டு, பூ மட்டும் வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இரண்டு மூன்று மாதங்களுக்கு எல்லாப் பசளையையும் நிறுத்தினாலே பல செடிகள் தாமாகப் பூவுக்குத் திரும்பும்.

கொழும்பு மழையில் சாடி மண்ணிலிருந்து சாம்பல்சத்து எனப்படும் பொட்டாசியம் எளிதில் கரைந்து வடிகிறது. பூவின் தரத்துக்கும் மொட்டின் உறுதிக்கும் அது தேவை. விறகடுப்புச் சாம்பல் ஒரு தேக்கரண்டி அளவு, மாதமொருமுறை, மேல்மண்ணில் தூவிக் கிளறிவிடலாம். புளிப்பு மண்ணை விரும்பும் வெட்சிக்கு மட்டும் சாம்பல் ஆகாது. மண்ணின் புளிப்பு குறைந்தால் அதன் இலை மஞ்சளாகும்.

தவறான நேரத்துக் கத்தரிக்கோல்

வெட்சி வேலிகள் கொழும்பின் பழைய வீடுகளுக்கும் கோயில் வளவுகளுக்கும் அழகு சேர்ப்பவை. அவை சுவர்போல மட்டமாகக் கத்தரிக்கப்பட்டிருக்கும் இடங்களில் பூவைக் காண்பது அரிது. வெட்சி கிளை நுனியில் பூப்பது. மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நுனியை வெட்டினால் மொட்டு உருவாகும் முன்பே குப்பைக்குப் போகிறது. ஒரு பூப்பருவம் முடிந்ததும் ஒருமுறை வெட்டிவிட்டு, அடுத்த பூ முடியும்வரை கத்தரிக்கோலை ஒதுக்கிவைப்பதே முறை. போகன்வில்லாவுக்கும் செவ்வரத்தைக்கும் இதே விதி. ஹைட்ரேஞ்சியா முந்திய பருவத்துக் கிளையில் மொட்டை வைத்திருக்கும் செடி என்பதால் மலைநாட்டிலும் அதைப் பூ வாடியவுடனேயே வெட்ட வேண்டும். பிந்தி வெட்டினால் அடுத்த ஆண்டுப் பூவும் சேர்ந்து போய்விடும்.

வாடிய பூவைச் செடியிலேயே விட்டுவிடுவதும் அடுத்த பூவைக் குறைக்கும். காய் பிடித்தால் செடியின் உணவு விதைக்குப் போகும். ரோசாவில் வாடிய பூவை, அதற்குக் கீழே நன்கு வளர்ந்த இலைக்கு மேலே வெட்டினால் அந்தக் கக்கத்திலிருந்து புதிய பூங்கிளை எழும்.

நெரிசலும் ஆழமும்

கல்வாழை, செவ்வந்தி, அல்லி இனக் கிழங்குச் செடிகள் ஆகியவை கூட்டமாகப் பெருகுபவை. சில ஆண்டுகளில் நடுப்பகுதி நெருக்கமாகி, இலை மட்டும் விட்டு நிற்கும். கிண்டி எடுத்துப் பிரித்து, ஓரத்திலுள்ள இளம் முளைகளைப் புது மண்ணில் நட்டால் மறுபடி பூக்கும். பிரித்த பருவத்திலேயே பூவை எதிர்பார்க்கக் கூடாது. வேர் பிடிக்க ஒரு பருவம் செல்லும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தோட்டம் வைத்திருக்கும் தமிழர்களுக்குப் பியோனி இதே பாடத்தை வேறுவிதமாகத் தருகிறது. அதன் முளைகள் மண்ணுக்குக் கீழே 5 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழத்தில் இருந்தால் செடி ஆண்டுக்கணக்கில் இலை மட்டுமே விடும்.

இதற்கு மாறாக, போகன்வில்லா வேர் நெருங்கிய சிறிய சாடியில் நன்றாகப் பூக்கும். பெரிய சாடிக்கு மாற்றினால் முதலில் வேரையும் இலையையும் பெருக்கவே முனையும். நள்ளிரவில் விரிந்து விடியுமுன் வாடும் கடுபுல் மலரும் அப்படியே. இலங்கையில் பெரிதும் போற்றப்படும் இந்தக் கள்ளியினச் செடி மெக்சிக்கோப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டது. தடி நட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகி, சாடி நிறைய வேர் ஓடிய பிறகு, வடிகட்டிய வெளிச்சத்தில் அது பூக்கும்.

மொட்டு உதிரும்போது

செவ்வரத்தை மொட்டு விரியுமுன் உதிர்வது பரவலான முறைப்பாடு. ஒருநாள் காய்ந்து மறுநாள் ஊறும் மண் ஒரு காரணம். மொட்டுக்குள் புகும் பேன்பூச்சியும் சிறு ஈயின் புழுவும் இன்னொன்று. உதிர்ந்த மொட்டைப் பிளந்து பார்த்தால் விடை கிடைக்கும். புழு இருந்தால் உதிர்ந்த மொட்டுகளைத் தினமும் பொறுக்கி அழிக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீரை ஒழுங்குபடுத்த வேண்டும். மல்லிகையில் மொட்டுப்புழு நூலால் மொட்டுகளைப் பின்னி உள்ளிருந்து தின்னும். அந்தக் கொத்தையே கிள்ளி அகற்றுவது வீட்டளவில் போதுமானது.

வெண்பஞ்சுபோல ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சி தளிரின் சாற்றை உறிஞ்சி மொட்டைச் சுருக்கும். பப்பாசி மாவுப்பூச்சி 2008 இல் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது கொழும்பு, கம்பஹா பகுதிகளில் பப்பாசியோடு கோயில் பூமரங்களும் வெளுத்துப்போயின. அடுத்த ஆண்டு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சிறு குளவி அதை அடக்கியது. கண்டபடி பீடைகொல்லி தெளித்தால் இத்தகைய நண்பர்களும் மடிவர். சிறிய தாக்குதலுக்குச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பதே நல்லது.

வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று உப்பைச் சுமந்து வருகிறது. இலை விளிம்பு கருகி, மொட்டின் நுனி காய்வது அதன் அடையாளம். ரோசாவும் அந்தூரியமும் இதைத் தாங்கா. மாலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவி, காற்றுக்குக் குறுக்கே அலரி, போகன்வில்லா போன்ற உப்பைத் தாங்கும் செடிகளை வைக்கலாம். வாகனப்புகையிலும் பழுக்கும் பழங்களிலும் எதிலீன் வாயு உண்டு. ஓர்க்கிட் மொட்டை அது உதிர்க்கும். வாழைக்குலை பழுக்க வைக்கும் மூலையில் ஓர்க்கிட்டை வைக்கக் கூடாது.

ஆராயும் ஒழுங்கு

பூக்காத செடியின் முன் நின்று கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. இந்தச் செடி கொழும்பின் வெப்பத்திலும் பகல்நீளத்திலும் பூக்கக்கூடியதா? பூக்கும் வயதை அடைந்துவிட்டதா? இந்த மாதத்தில் எத்தனை மணித்தியாலம் நேர் வெயில் அதன்மேல் விழுகிறது? கடைசியாக எப்போது, எங்கே கத்தரிக்கப்பட்டது? கடந்த மூன்று மாதங்களில் என்ன பசளை போடப்பட்டது? அது ஓய்வு கேட்கும் இனமானால் அந்த ஓய்வு கிடைத்ததா? முதற் கேள்விக்கே இல்லை என்பது விடையானால் மற்றவை தேவையில்லை. அந்தச் செடியை இலையழகுக்காக வைத்துக்கொள்ளலாம், அல்லது மலைநாட்டு உறவினருக்குக் கொடுக்கலாம்.

மாற்றங்களை ஒவ்வொன்றாகவே செய்ய வேண்டும். இடத்தை மாற்றி, மண்ணை மாற்றி, கத்தரித்து, பசளையும் போட்டால் எது பலித்தது என்று தெரியாது. செடியும் அதிர்ச்சியில் இன்னொரு பருவத்தை இழக்கும். வெயிலுக்கு மாற்றிய மல்லிகைக்கும் தண்ணீர் குறைத்த போகன்வில்லாவுக்கும் ஆறு முதல் எட்டு வாரங்கள் அவகாசம் கொடுக்கலாம். பிரித்து நட்ட கிழங்குகளுக்கு ஒரு முழுப் பருவம் வேண்டும்.

புதிதாகச் செடி வாங்குவோர் இடத்தைப் பார்த்து இனத்தைத் தெரிந்தெடுத்தால் இந்தச் சிக்கல்களில் பாதி எழாது. கடற்காற்றும் மேற்கு வெயிலும் படும் பல்கனிக்குப் போகன்வில்லா, அலரி, பட்டிப்பூ. மொட்டைமாடிக்கு மல்லிகை, செவ்வரத்தை, வெட்சி. நிழல் முற்றத்துக்கு அந்தூரியம். வடிகட்டிய வெயில் விழும் யன்னலோரத்துக்கு டென்ட்ரோபியம், கடுபுல். இவை எல்லாம் கொழும்பின் வெப்பத்திலும் பன்னிரண்டு மணித்தியாலப் பகலிலும் பூக்க வல்லவை. வெயிலும் ஓய்வும் அளவான எருவும் கிடைத்தால், இவற்றுக்கு மேலதிகமாக எதுவும் வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை.